குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் 'குறைவு' என்று வந்தால் எதிர்ப்பு சக்தி இல்லையென்று அர்த்தமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது. ஜூனில் பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, இருமல். பக்கத்து லேபில் 'இம்யூனிட்டி பேக்கேஜ்' எடுத்தோம். ஐஜிஜி 620, ஐஜிஏ 58. இரண்டுக்கும் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டானிக், ஊசி ஏதாவது தர வேண்டுமா?

பதில்: ஐஜிஜி, ஐஜிஏ இரண்டும் கிருமிகளை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி). அந்த ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஐஜிஜிக்கு நேராக 700–1600 போல ஓர் அளவு அச்சாகியிருக்கும். அது பெரியவர்களுக்கானது. நாலு வயதுக்கு 620 சரியான அளவுதான், 58-உம் அப்படியே. வயதுவாரியான அளவைப் போடாமல் ஒரு தாயைப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

பிறக்கும்போது குழந்தையின் உடம்பில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் ஐஜிஜி, நஞ்சுக்கொடி வழியாக வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்து, 3 முதல் 6 மாதத்தில் அடிமட்டத்துக்கு வரும். பிறகுதான் குழந்தை தானே உற்பத்தி செய்து மெல்ல ஏறுகிறது. ஐஜிஏ பெரியவர் அளவைத் தொட பதின்வயது ஆகிவிடும்.

மழைக்காலத்தில் ஜன்னல் சாத்திய வகுப்பறைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு வருடத்துக்கு 6, 8 முறை சளி பிடிப்பது சகஜம். இடைப்பட்ட நாட்களில் ஓடி விளையாடுகிறானா, எடை ஏறுகிறதா? அந்தப் பரிசோதனையைவிட இது எனக்கு அதிகம் சொல்லும்.

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நாலு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஆன்டிபயாடிக் மாதக்கணக்கில் கொடுத்தும் தீராத தொற்று, ஏறாத எடை, குடும்பத்தில் சின்ன வயதில் தொற்றால் இறந்த குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், திரும்பத் திரும்பக் கடும் தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலினே (ஐஜிஜி போன்ற எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதம்) இல்லை என்று கண்டார். வெளியிலிருந்து அதைச் செலுத்தியதும் பையன் தேறினான். ஐஜிஜி பரிசோதனை உயிரைக் காப்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். அங்கும் மொத்த அளவோடு நிறுத்த மாட்டோம். போட்ட தடுப்பூசிக்கு, உதாரணமாக டெட்டனஸுக்கு, உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறதா என்றும் பார்ப்போம்.

பேக்கேஜில் ஐஜிஇ என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்திருக்கலாம். அது கூடியிருந்தால் எதிர்ப்பு சக்தி அதிகம் என்று எண்ண வேண்டாம். அலர்ஜியிலும் வயிற்றுப் பூச்சியிலும் அது ஏறும்.

ஐஜிஜியை ஏற்றும் டானிக் கிடையாது, வாங்காதீர்கள். உங்கள் மகனுக்கு ஊசியும் தேவையில்லை. மேலே சொன்ன அறிகுறி எதுவும் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டியிருந்தால், பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்திலேயே தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் இருக்கிறது. போகும்போது தடுப்பூசி அட்டையையும், பிறந்ததிலிருந்து எழுதிய எடைக் குறிப்பையும், பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துப் போங்கள்.