தமிழ்ப் பிரதிகளும் கணினி ஆய்வும்: கல்லூரி நூலகர்களின் கேள்விகள்

கே: 1935-இல் அச்சான நாவலின் முழு மின்பிரதியை ஆய்வாளருக்குத் தரலாமா?

ப: ஆசிரியர் இறந்த ஆண்டைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 1960-இல் காலமானவர் என்றால் அறுபது ஆண்டுப் பதிப்புரிமை முடிந்து, 2021 ஜனவரி முதல் தடையில்லை. நாட்டுடைமை ஆன எழுத்து என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கே: முகப்பில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று பதிவது?

ப: 1867, 1927, 1987 மூன்றில் ஒன்று. விலை அணாவில் இருந்தால் கடைசியை நீக்கிவிடலாம். அச்சுக்கூடத்தின் பெயரையும் முகவரியையும் வைத்து மற்ற இரண்டில் ஒன்றைத் தேருங்கள். சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால், 1927 என்று தேர்ந்தால் 1927-28 என்று சதுர அடைப்புக்குள் இடுங்கள். மூலத்தில் உள்ள சொல்லையும் நூல்பதிவின் தனிப் புலத்தில் விட்டுவையுங்கள்.

கே: 1940களின் இதழ்களை ஓசிஆர் (பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுத்தல்) செய்தோம். குப்பையாக வருகிறது. எந்த மென்பொருள் நல்லது?

ப: எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று எழுதவில்லை. இணைத்திருந்த மாதிரி 150, அதுவும் கறுப்பு வெள்ளையில் இறுக்கிய பிடிஎஃப். இதற்கு எந்த மென்பொருளும் உதவாது. கடுமையாக இறுக்கும்போது ஒத்த உருவங்களை ஒன்றாக்கிவிடும் முறைகள் உண்டு. ‘ன’ இருந்த இடத்தில் ‘ண’ வந்து உட்கார்ந்தால் பார்த்துத் திருத்த மூலப் படமே இருக்காது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: டிஃப் வடிவில், தரம் குறையாமல் சேமித்த மூலப்படத்தை அழிக்காதீர்கள். ஏ4 பக்கம் 300 டிபிஐ வண்ணத்தில் சுமார் 25 எம்பி, 300 பக்க நூலுக்கு 8 ஜிபிக்குள் அடங்கும். இந்த இடத்தை மிச்சம் பிடிக்கப் போய், பொடிந்துகொண்டிருக்கும் தாளை இரண்டாம் முறை விரிக்க வேண்டியதாகிறது. இன்னொன்று, 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களுக்கு யுனிகோடில் (கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டில்) தனிக் குறி கிடையாது. அச்செழுத்தை ஆராய்பவருக்குப் படம் ஒன்றுதான் சான்று. புது எழுத்தில் மட்டும் பழகிய ஓசிஆர் இவற்றில்தான் தடுக்கி விழும். நூலுக்கு ஐந்து பக்கமாவது கையால் ஒப்பிட்டு, பிழை விகிதத்தைக் கோப்போடு எழுதிக் கொடுங்கள். திருத்தாத பனுவலைத் திருத்தியதுபோல் தருவது ஆய்வையே கெடுக்கும்.

கே: ‘கொடி’ என்று தேடினால் சில கோப்புகளில் அகப்படவில்லை.

ப: அவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கும். எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது இரண்டும் ஒரே குறியாகும் யுனிகோடு வடிவுக்கு, மாற்றுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’, ‘ள’ தட்டியிருந்தால் அது தானாகச் சரியாகாது. தேடித் திருத்த வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை அதற்கு முன்பே யுனிகோடாக்கிவிடுங்கள். மூலப்படத்தோடு ஒப்பிட்டுத்தான்.

கே: சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் கிறுக்கலாகத் தெரிகிறது.

ப: இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். தரவு இறக்குமதி வழியே, யுனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 தேர்ந்து திறங்கள். கிறுக்கலோடு சேமித்துவிட்டால் மீட்பது கடினம்.