நெரிசலிலும் ரௌட்டர்களின் பேச்சு அறுபடாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை): ஐயா, சில தெருக்களுக்கு இணைய இணைப்பு கொடுத்து வருகிறோம். இரவு 8 மணிக்கு மேல் எங்கள் இரண்டு ரௌட்டர்களுக்கு இடையிலான ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) உறவு அடிக்கடி அறுந்து சேர்கிறது. ஃபைபரில் பழுது இல்லை.

பதில்: ஈதர்நெட் இணைப்பில் ஓஎஸ்பிஎஃப் ரௌட்டர்கள் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டை அனுப்பிக்கொள்கின்றன, 40 நொடி வரை எதுவும் வராவிட்டால், எதிர் ரௌட்டர் இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றன. இந்த 40 நொடிக் கெடுவான டெட் டைமர் முடிந்ததாக ரௌட்டரின் லாகில் (பதிவேட்டில்) வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிறிய ஹலோ, வீடியோ பாக்கெட்டுகளோடு ஒரே வரிசையில் நின்றால், வரிசை நிரம்பும்போது அவற்றோடு சேர்த்தே கைவிடப்படும். உறவு அறுந்ததும் போக்குவரத்து மாற்றுப் பாதைக்குப் பாயும், இங்கே இடம் காலியாகும், உறவு திரும்பும், கூடவே நெரிசலும் திரும்பும். ஆகவே ஹலோ போன்றவை தாங்கிவரும் டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமையைக் காட்டும் எண்) 48 குறியீடு கொண்ட பாக்கெட்டுகளுக்குத் தனி வரிசை ஒதுக்குங்கள். பெரிய பங்கு வேண்டியதில்லை. ஜூனிப்பர் ரௌட்டர்களின் மென்பொருளான ஜூனோஸின் இயல்பமைப்பிலேயே 5 விழுக்காடுதான்.

கேள்வி (வியாசர்பாடி): வெளிச்செல்லும் வரிசையில் முன்னுரிமை கொடுத்த பிறகும் அறுகிறதே?

பதில்: அப்படியானால் உள்வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1 ஜிகாபிட் போர்ட்டுகள் 24 இருந்து, பின்னால் உள்ள சிப் 10 ஜிகாபிட்தான் தாங்கும் என்றால், பாக்கெட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அது விழுந்துவிடும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஆம்புலன்ஸுக்குத் தனி வழி இருந்தும், எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அது சிக்கிக்கொண்டால், அந்த வழியால் என்ன பயன்? போர்ட்டிலேயே ஓஎஸ்பிஎஃப்புக்கான புரோட்டோகால் எண் 89-ஐயும், பிற நெட்வொர்க்குகளோடு பாதைகளைப் பகிரும் பிஜிபிக்கான டிசிபி போர்ட் 179-ஐயும் அடையாளம் கண்டு முன்னே விடும் வசதி உங்கள் லைன் கார்டில் (ரௌட்டரில் போர்ட்டுகள் இருக்கும் அட்டையில்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரௌட்டர்களை இணைக்கும் போர்ட்டை நெரிசல் இல்லாத போர்ட் தொகுதிக்கு மாற்றுவதே நான் நம்பும் வழி.

கேள்வி (திருவொற்றியூர்): வாடிக்கையாளரே தம் பாக்கெட்டில் 48 என்று குறித்து அனுப்பினால்?

பதில்: தனி வரிசையே நிரம்பிவிடும். வாடிக்கையாளர் போர்ட்டில் வரும் குறியீட்டை 0 ஆக மாற்றிவிடுங்கள்.

கேள்வி (ராயபுரம்): டெட் டைமரை 120 நொடியாக்கினால் போதாதா?

பதில்: வேண்டாம். நடுவில் ஸ்விட்ச் இருக்கும் இணைப்பில், அப்பால் ஃபைபர் உண்மையாகவே அறுந்தாலும் உங்கள் போர்ட் உயிரோடுதான் தெரியும். ரௌட்டர் அதை உணரும் வரை 2 நிமிடம் பாக்கெட்டுகள் இல்லாத பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும்.