ஷாங்காயில் டாட்டூ ஸ்டூடியோ தொடங்கலாமா?

கேள்வி: நான் ஷாங்காயில் பணிபுரியும் இந்தியன். டாட்டூ வரைய முறையாகக் கற்றிருக்கிறேன். என் முதல் தொழிலாக இங்கேயே ஒரு சிறிய ஸ்டூடியோ தொடங்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வாடகைக்கு இடம் தேடும் முன் உங்கள் சட்ட நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீனக் குடிமக்கள் சிறு கடைகளுக்குப் பயன்படுத்தும் 'கெதிஹு' என்னும் எளிய தனிநபர் வணிகப் பதிவு இந்தியக் குடிமகனான உங்களுக்குக் கிடைக்காது என்பதால், 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அந்நிய முதலீட்டுச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தையே நீங்கள் பதிவு செய்ய வேண்டியிருக்கும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள திருத்திய நிறுவனச் சட்டப்படி, பதிவில் காட்டும் மூலதனத்தை ஐந்தாண்டுகளுக்குள் முழுமையாகச் செலுத்தியாக வேண்டும். ஆகவே மதிப்புக்காகப் பெரிய தொகையை எழுதிவிடாதீர்கள். உங்களிடம் இப்போதுள்ள பணி அனுமதி தற்போதைய வேலைக்கு மட்டுமே உரியது. அதை நம்பி மாலை நேரங்களில் தனியாக டாட்டூ வரைந்து சம்பாதிப்பது சட்டவிரோதப் பணியாகும்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது வயது விஷயத்தில்தான். 2022 ஜூனில் வெளியான விதிமுறை, 18 வயது நிரம்பாதவர்களுக்கு டாட்டூ சேவை அளிப்பதைத் தடை செய்கிறது. அந்த அறிவிப்பைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்; வயதைக் கணிக்க முடியாதபோது அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோரே அழைத்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். இளம்பிள்ளைகளைக் காக்கும் இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழியே பரவும் நோய் என்பதால், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையும் மைக் கிண்ணத்தையும் மற்றவருக்குப் பயன்படுத்தவே கூடாது.