ஒரு மூலம் மற்றதைப் போல் இரு மடங்கு: கெழுவுக்கு ஏன் இரண்டு விடை?

படிவம் 4 படிக்கும் உங்கள் மகளின் ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) கணக்கு இது: 2ய² − கய + 9 = 0. ஒரு மூலம் மற்றதைப் போல் இரு மடங்கு. (மூலம் என்றால் சமன்பாட்டைச் சரியாக்கும் ய-இன் மதிப்பு.) க என்ன? மகளுக்கு 9 வந்திருக்கிறது, விடைத்தாளில் ±9. (கைப்பேசியில் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டப் பொறுமை இல்லை. எக்ஸுக்கு ய, கே-க்கு க.)

விடைத்தாள்தான் சரி. மகளும் கடைசிப் படி வரைக்கும் சரியாகத்தான் போயிருப்பாள்.

கோலாலம்பூர் செந்தூலில் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். இந்த மாதிரிக் கணக்கு வந்தால் நான் முதலில் கேட்பது: மூலத்தையே கொடுத்திருக்கிறார்களா, உறவை மட்டும் சொல்லியிருக்கிறார்களா? மூலம் தெரிந்தால் வேலையே இல்லை. ய² + கய + 12 = 0க்கு ஒரு மூலம் 3 என்றால், ய இருக்கும் இடத்தில் 3 போடுங்கள். 9 + 3க + 12 = 0, க = −7. அவ்வளவுதான். இதற்குப் போய் சூத்திரம் தேடுகிற பிள்ளைகள் நிறைய.

உங்கள் கணக்கில் உறவு மட்டும்தான். மூலங்களை ம, 2ம என்று வையுங்கள். அப்புறம் பள்ளியில் மலாயில் ஹாசில் தம்பா (கூட்டுத்தொகை), ஹாசில் டாராப் (பெருக்குத்தொகை) என்று படித்த இரண்டும் வரும். கூட்டுத்தொகை 3ம = க/2. நடுக்கெழு, அதாவது ய-க்கு முன்னால் இருப்பது, −க. அதன் குறியை மாற்றி, ய²-க்கு முன்னால் இருக்கும் 2ஆல் வகுத்தோம். கடைசி எண் 9ஐ அதே 2ஆல் வகுத்தால் பெருக்குத்தொகை: 2ம² = 9/2. இரண்டில் க இல்லாததை முதலில் பிடியுங்கள். ம² = 9/4. ஆகவே ம = 3/2, அல்லது −3/2. இந்த இரண்டாவதைத்தான் மகள் விட்டிருப்பாள். க = 6ம என்பதால் 9 அல்லது −9.

நம்பிக்கை இல்லையென்றால் போட்டுப் பாருங்கள். 9 என்றால் மூலங்கள் 3/2, 3. −9 என்றால் −3/2, −3. இரண்டிலும் இரு மடங்கு உறவு இருக்கிறது.

மகளைத் திட்ட வேண்டாம். மூலங்களையும் கெழுக்களையும் இப்படி இணைத்துக் காட்டிய 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் வியட்டே நேர்ம மூலங்களை மட்டும்தான் ஏற்றார். அவரிடம் கேட்டிருந்தால் அவரும் 9 என்றுதான் சொல்லியிருப்பார்! எதிர்ம மூலங்களையும் சேர்த்து 1629இல் எழுதியவர் ஆல்பர் ஜிரார். கேள்வியில் ‘மூலங்கள் நேர்மம்’ என்று இருந்தால் 9 மட்டும் போதும். இல்லையென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

எல்லாக் கணக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு ± போடவும் கூடாது. அடுத்து இதைக் கொடுங்கள்: 3ய² − 8ய + க = 0, ஒரு மூலம் மற்றதைப் போல் மூன்று மடங்கு. இங்கே க இல்லாதது கூட்டுத்தொகை, அதில் வர்க்கமே இல்லை. 4ம = 8/3, ம = 2/3. பெருக்குத்தொகை 3ம² = 4/3 = க/3. ஆகவே க = 4, ஒரே விடை.