எக்ஸ்புளோரர் அடிக்கடி மூடிக்கொள்கிறது: கேள்வி பதில்

அலுவலகக் கம்ப்யூட்டர்களில் ஃபைல் எக்ஸ்புளோரர் திரும்பத் திரும்ப க்ராஷ் ஆவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாமே விண்டோஸ் 10, 11 பற்றியவை. முதல் பதிலை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற பதில்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: சார், நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் திறந்திருக்கும் ஃபோல்டர் எல்லாம் மூடிக்கொள்கிறது. கீழே டாஸ்க்பாரும் மறைந்து இரண்டு விநாடியில் திரும்பி வருகிறது. நாளைக்கு நாலைந்து தடவை இதே கதை. விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: பொறுங்கள், வேண்டாம். புதிதாகப் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடும். அப்புறம் பழைய சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக ஏற்றுவீர்கள், பழைய தொல்லையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஃபோல்டர் ஜன்னல் மூன்றையும் நடத்துவது எக்ஸ்புளோரர் என்ற ஒரே புரோகிராம்தான். அது விழுந்தால் மூன்றும் சேர்ந்து விழும். விண்டோஸ் உடனே அதை எழுப்பி நிறுத்திவிடும். நீங்கள் பார்க்கும் அந்த இரண்டு விநாடி அதுதான். ரைட் கிளிக் மெனுவில் வரும் ‘ஜிப் செய்’, ‘வைரஸ் இருக்கிறதா பார்’ போன்ற வரிகளில் பல, மற்ற கம்பெனிகள் எழுதிச் சேர்த்தவை. ஷெல் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை தனியாக ஓடுவதில்லை. டிஎல்எல், அதாவது வேறொரு புரோகிராமுக்குள் ஏறி ஓடும் ஃபைலாக, எக்ஸ்புளோரருக்குள்ளேயே நுழைந்து ஓடுகின்றன. அதில் ஒன்று தன் எல்லை தாண்டி மெமரியைத் தொட்டால் விண்டோஸ் எக்ஸ்புளோரரையே மூடிவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

யார் என்று கண்டுபிடிக்க, ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடுங்கள். நாள் வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாளைத் தொட்டு, கீழே ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ என்ற வரியை டபுள் கிளிக் செய்யுங்கள். அதில் இரண்டே விஷயம் வேண்டும்: ஃபால்ட் மாட்யூல் நேம் (விழுந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபைலின் பெயர்), எக்செப்ஷன் கோட் (எந்த வகைப் பிழை என்று சொல்லும் எண்). இதே தகவல், விண்டோஸில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் 1000 என்ற எண்ணில் இருக்கும். கடைசி ஐந்து க்ராஷுக்கும் இந்த இரண்டையும், விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாமல் ஆரம்பிக்கிறவர்கள்தான் மூன்றாவது நாள் விண்டோஸை அழிக்கிறார்கள்.

கேள்வி: எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் என்டிடிஎல்எல் என்றுதான் வருகிறது. இணையத்தில் அந்த ஃபைல் கிடைக்கிறது, இறக்கிப் போட்டுவிடட்டுமா அண்ணா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். அது விண்டோஸின் அடித்தளம். ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்துப் போட்டால் கம்ப்யூட்டரே எழாமல் போகலாம், வைரஸும் வரலாம்.

அந்தப் பெயர் வருவதால் அது குற்றவாளி ஆகாது. எக்செப்ஷன் கோட் 374 என்ற மூன்று இலக்கத்தில் முடிகிறதா பாருங்கள். முடிந்தால், யாரோ எப்போதோ மெமரியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், என்டிடிஎல்எல் பிறகு வந்து கணக்குப் பார்க்கும்போது அது தெரிந்திருக்கிறது என்று பொருள். 5-இல் முடிந்தால் தொடக்கூடாத மெமரியைத் தொட்டதாக அர்த்தம். அங்கே மாட்யூல் பெயரை ஓரளவு நம்பலாம். 6-இல் முடிந்தால் டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ படிக்க வேண்டியது வந்து சேரவில்லை. டிஸ்க்கையும் கேபிளையும் முதலில் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு 374 என்றால் அடுத்த பதிலில் உள்ள வழிதான்.

கேள்வி: ரைட் கிளிக்கில்தான் விழுகிறது என்பது உறுதி. ஆனால் எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியவில்லை. என் மெஷினில் நாற்பது இருக்கும்போல.

பதில்: நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டாம். நிர்சாஃப்ட் தரும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியை, உங்கள் ஐடி ஆட்களின் அனுமதியோடு, இறக்கிக்கொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸ் என்றால் 64 பிட் பதிப்பையே எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டியது கண்ணில் படாது. திறந்ததும் மற்ற கம்பெனிகளின் வரிகள் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும். மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிடுங்கள், அவற்றில் கை வைக்க வேண்டாம்.

இப்போது மிச்சம் இருப்பதில் பாதியைத் தேர்ந்து எஃப்7 அழுத்தினால் அவை முடங்கும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ரைட் கிளிக் செய்து பாருங்கள். விழவில்லையா, ஆள் முடக்கிய பாதியில் இருக்கிறார். விழுந்தால் மறுபாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாற்பது இருந்தாலும் ஆறு சுற்றுக்குள் ஒன்று கையில் சிக்கும். எஃப்8 அழுத்தினால் மற்றவை திரும்ப உயிர்பெறும். கண்டுபிடித்ததை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் இல்லையென்றால் முடக்கியே வையுங்கள். ரைட் கிளிக் வரி போகும், அந்த சாஃப்ட்வேர் வழக்கம்போல ஓடும்.

விண்டோஸ் 11 ஆக இருந்தால் ஒரு துப்பு: முதலில் வரும் சுருக்கமான மெனு ஒழுங்காக வந்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ தொட்டதும் விழுந்தால், பழைய பாணி எக்ஸ்டென்ஷன்மீது சந்தேகம் வலுக்கிறது.

கேள்வி: எனக்கு ரைட் கிளிக் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் மூடிக்கொள்கிறது. அதற்குள் போகவே முடியவில்லை, என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்க முடியவில்லை.

பதில்: எனக்குப் பிடித்த வகை இது. ஃபோல்டரைத் திறந்தவுடன் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு படத்துக்கும் வீடியோவுக்கும் சின்னப் படம் தயாரிக்கப் பார்க்கும். ஃபைல் பாதியில் அறுந்ததாக இருந்து, அதைப் பிரித்துப் படிக்கும் சின்ன மென்பொருளான கோடெக்கும் அரைகுறையாக இருந்தால், தடுமாறி விழும்.

ஒரு அலுவலகத்தில் இப்படித்தான். ஸ்கேன் செய்த ஆவணங்கள் இருந்த ஃபோல்டர். மூன்று பேரின் மெஷினில் திறந்த நிமிடமே விழும், நாலாவது ஆளுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் நெட்வொர்க்கையும் பெர்மிஷனையும் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பார்த்தால், நாலாவது ஆள் ஐகான் மட்டும் தெரியும்படி செட்டிங் மாற்றி வைத்திருக்கிறார். மெஷின் வேகமாக ஓடும் என்று யாரோ எப்போதோ சொன்னார்களாம்.

அந்த செட்டிங்தான் உங்களுக்கும் வழி. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதியின் முதல் வரிகளில் ‘எப்போதும் ஐகான், சின்னப் படம் வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்யுங்கள். ஃபைலுக்குள் இருப்பதை ஓரத்தில் காட்டும் பிரிவியூ பேன் திறந்திருந்தால் ஆல்ட்டோடு பி அழுத்தி மூடுங்கள். இப்போது உள்ளே போக முடிந்தால் ஃபைல்களைப் பாதி பாதியாக வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, செட்டிங்கை மாற்றி மாற்றிப் பாருங்கள். அகப்படும் ஃபைல் பெரும்பாலும் பூஜ்ய அளவிலோ, காப்பி பாதியில் நின்றதாகவோ இருக்கும். அதே வகை நல்ல ஃபைல்களும் விழவைத்தால் கோடெக் தொகுப்பை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: விழுவதில்லை, ஆனால் காலையில் முதல் தடவை திறக்கும்போது உறைந்துபோய் நிற்கிறது. ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து அரை நிமிடம் கழித்துச் சரியாகிறது.

பதில்: இது க்ராஷ் இல்லை, ஹேங். ஈவென்ட் வியூவரிலும் 1000-க்குப் பதில் 1002 என்று பதிவாகும். எக்ஸ்புளோரர் யாருக்காகவோ காத்திருக்கிறது. பெரும்பாலும் எடுத்துப்போட்ட பழைய சர்வரைக் காட்டும் நெட்வொர்க் டிரைவ். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ கட்டளையைக் கொடுத்தால் இணைத்து வைத்த டிரைவ்கள் எல்லாம் வரிசையாக வரும். இப்போது இல்லாத சர்வரின் பெயர் தெரிந்தால் அந்த டிரைவைத் துண்டியுங்கள். அப்புறம் குயிக் ஆக்சஸில் அதே சர்வரின் ஃபோல்டர் பின் செய்யப்பட்டிருந்தால் அதையும் எடுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் முதல் பக்கத்தில் ஹிஸ்டரியை ‘கிளியர்’ செய்யுங்கள். டிரைவை எடுத்துவிட்டுப் பின்னை மறப்பதுதான் வழக்கம்.

கேள்வி: ஃபோல்டர் ஒவ்வொன்றும் தனி புரோசஸில் திறக்க ஒரு செட்டிங் இருக்கிறதாமே, போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது, வலி குறையும். ஃபோல்டர் ஜன்னல் விழுந்தாலும் டாஸ்க்பார் தப்பிக்கும். காரணம் தெரியும்வரை போட்டு வையுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பிரிவில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒன்பதில் ஒரே வாரத்தில் எக்ஸ்புளோரர் விழ ஆரம்பித்தது. வைரஸாக இருக்குமோ என்று பயம்.

பதில்: ஸ்கேன் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்த மூன்றை. விழாத மூன்றில் எது இல்லை? ஒன்பதிலும் மாட்யூல் பெயரும் அதன் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தால் வழக்கு பாதி முடிந்தது. ரிலையபிலிட்டி வரைபடத்தில் முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாளின் மேல் கிளிக் செய்து, அன்று என்ன நிறுவப்பட்டது என்று பாருங்கள். பிரிண்டர் மென்பொருள், கிளவுட் சிங்க், ஆன்டிவைரஸின் புதுப் பதிப்பு, விண்டோஸ் அப்டேட் என எதுவாகவும் இருக்கலாம்.

சந்தேகப்பட்டதை ஒன்பதிலும் ஒரே நேரத்தில் நீக்காதீர்கள். அதிகமாக விழும் ஒன்றில் மட்டும் நீக்கி இரண்டு நாள் விடுங்கள். நின்றால், விழாத மூன்றில் ஒன்றில் அதையே நிறுவிப் பாருங்கள். அங்கேயும் விழ ஆரம்பித்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாட்யூல் பெயர், பதிப்பு, எக்செப்ஷன் கோட் மூன்றையும் எழுதி அந்த மென்பொருள் கம்பெனிக்கு அனுப்புங்கள். ‘எக்ஸ்புளோரர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா’ என்றுதான் பதில் வரும்.

கேள்வி: எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாட்யூல் பெயர். எக்ஸ்புளோரர் மட்டுமில்லை, பிரவுசரும் சில நேரம் விழுகிறது.

பதில்: சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ஹார்ட்வேர் பக்கம் வாருங்கள். முதல் வேலை பேக்கப். அப்புறம் ஸ்டார்ட்டில் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி, ரீஸ்டார்ட் செய்து ராமைச் சோதியுங்கள். பிழை காட்டாவிட்டாலும் ராம் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 வந்திருந்தால் டிஸ்க்கோ அதன் கேபிளோ தகராறு செய்கிறது. 7 என்றால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம். புது டிஸ்க்குக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டச் சொல்கிறார்களே, நீங்கள் ஏன் சொல்லவில்லை? ரெஜிஸ்ட்ரி கிளீனரும் போடலாமா?

பதில்: எஸ்எஃப்சி விண்டோஸின் சொந்த ஃபைல்களைத்தான் பார்க்கும், வெளியாள் செய்த வேலையைப் பிடிக்காது. மாட்யூல் மைக்ரோசாஃப்டுடையது, வெளியாட்களை எல்லாம் முடக்கியும் விழுகிறது என்றால் ஓட்டுங்கள். முதலில் டிஸ்ம் கட்டளையில் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி பழுதான ஃபைலுக்கு மாற்று எடுக்கும் கிடங்கை டிஸ்ம்தான் சரிசெய்கிறது, அதனால் அந்த வரிசை. விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அதே மெஷினில் வேறு ஆள் லாகின் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு மட்டும் ஏன்?

பதில்: அப்படியானால் கோளாறு உங்கள் ப்ரொஃபைலில், அதாவது உங்கள் லாகினுக்கு மட்டும் உரிய செட்டிங்குகளில். முதலில் மேலே சொன்ன ஹிஸ்டரி கிளியர், பின்கள், நெட்வொர்க் டிரைவ். சரியாகவில்லை என்றால் புது ப்ரொஃபைல் போட்டு ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சாஃப்ட்வேர்கள் உங்கள் செட்டிங்குகளை வைத்திருக்கும் பழைய ஆப்டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் நோயும் கூடவே குடிவரும்.

கேள்வி: பெரிய ஃபோல்டர் ஒன்றை சர்வருக்கு காப்பி செய்துகொண்டிருக்கும்போது எக்ஸ்புளோரர் விழுந்துவிட்டது. எவ்வளவு போனது என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்தா?

பதில்: காப்பி வேலையைச் செய்வதும் எக்ஸ்புளோரர்தான், அது விழுந்தால் காப்பியும் நின்றுவிடும். விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அது எக்ஸ்புளோரரை நம்பி இல்லை, அளவும் நேரமும் ஒத்துப்போகும் ஃபைலைத் தாண்டிக்கொண்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் சேர்ந்து போக /E சேர்த்து, அதே ஃபோல்டருக்கு அதை ஓட்டுங்கள். முடிவில் எத்தனை போனது, எத்தனை தாண்டியது, எத்தனை தோற்றது என்று ஒரு சின்ன அட்டவணை வரும். தோற்றது என்ற பத்தியில் பூஜ்யம் இருந்தால் மட்டும் மூலத்தை அழிக்கலாம்.