மஞ்சளும் மரபணுவும்: கேளுங்கள், சொல்கிறேன்

கோபி விவசாயி: ஐயா, மேகாலயா லக்கடாங் மஞ்சளில், மஞ்சள் நிறம் தருகிற குர்குமின் 7 சதவீதம் என்கிறார்கள். விதைக்கிழங்கு வாங்கி இங்கே நட்டால் அதே அளவு வருமாங்களா?

அதே அளவு வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். குர்குமின் ஒரு மரபணுவின் வேலை இல்லை. பீனைல்அலனைனில் தொடங்கி, பல படி தாண்டி, ஃபெருலோயில்-கோஏ என்ற துண்டைச் செடி செய்கிறது. டிசிஎஸ் நொதி அந்தத் துண்டைக் கொஞ்சம் நீட்டுகிறது. கர்ஸ் நொதி இன்னொரு துண்டை அதோடு சேர்த்து குர்குமினாக முடிக்கிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். கர்ஸிலேயே மூன்று வகை உண்டு. இந்த மரபணுக்கள் எல்லா மஞ்சளிலும் இருக்கின்றன. எந்த மாதம் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில்தான் ரகத்துக்கு ரகம் வித்தியாசம். அதில் மண், மழை, வெயில், அறுவடை நாள் எல்லாம் கை வைக்கும். முதலில் 10 கிழங்கு நட்டு, காயவைத்து, ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.

கல்லூரி மாணவி: நெல் மாதிரி ஒட்டுச் சேர்த்து நல்ல ரகம் உருவாக்க முடியாதா சார்?

கஷ்டம்மா. சாகுபடி மஞ்சள் பெரும்பாலும் மும்மயம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று, மொத்தம் 63. விதை பிடிப்பதே அரிது. அதனால் கிழங்கை நட்டே பெருக்குகிறோம், வருவதெல்லாம் தாய்க்கிழங்கின் நகல். ஆனாலும் கோழிக்கோடு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் அபூர்வமாய் வந்த விதைகளை முளைக்கவைத்து, அந்த நாற்றுகளிலிருந்துதான் பிரபா, பிரதிபா என்ற இரண்டு ரகங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

இல்லத்தரசி: நிறம் தூக்கலாக இருந்தால் குர்குமின் அதிகம்தானே?

பொடியைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. லெட் குரோமேட் கலந்தாலும் பளபளக்கும், அது ஈய விஷம். விரலியாய் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்: லக்கடாங் விதை இங்கே விளையுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சேலம் அண்ணன்: மண்தான் எல்லாம். மரபணு எல்லாம் விதை விற்கிறவன் சொல்வது.

கோபி விவசாயி: அப்படியானால் ஒரே காட்டில் என் நாட்டு மஞ்சளும் பிரதிபாவும் ஏன் வேற வேற நிறமாக உடையுது?

கோபிக்காரர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். ஒரே காடு, ஒரே தண்ணீர், ஒரே எரு. அப்போதும் தெரிகிற வித்தியாசம் ரகத்தினுடையது. ஒரே கிழங்கை உடைத்து இரண்டு ஊரில் நட்டு அளவு மாறினால், அது ஊரினுடையது. இரண்டும் உண்மை அண்ணா.

சேலம் அண்ணன்: சரி, கிழங்கில் வளர்வது எல்லாம் அச்சு அசலாக ஒன்று என்றால், என் காட்டில் ஒரு பாத்தி மட்டும் ஏன் ஆழ்ந்த ஆரஞ்சு?

அருமையான கேள்வி. பெரும்பாலும் விதைக்கிழங்கில் வேறு ரகம் கலந்திருக்கும். அபூர்வமாக மொட்டில் மரபு மாற்றமும் நேரும். அந்தப் பாத்தியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மற்றொருவர்: குர்குமின் மாத்திரை தினமும் போடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். மிளகுச் சாறு சேர்ந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு.

சேலம் அண்ணன்: எடுத்து வைத்து என்ன செய்ய?

வைகாசியில் உங்கள் பழைய கிழங்கோடு பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நடுங்கள். மாசியில் இரண்டையும் உடைத்துப் பாருங்கள். நிறம் அப்போதும் நின்றால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு சோதனைக்கு அனுப்பிவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.