மூக்கில் எத்தனை சொட்டு?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், அப்புறம் நாள் முழுக்கத் தலைபாரம். சைனஸ் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அக்கா சொல்லி, இரண்டு மாதமாக அணு தைலம் விடுகிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூக்கிலும் அரை ஃபில்லர் விட்டு உறிஞ்சிக்கொள்வேன். தலைபாரம் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மாதமாக வறட்டு இருமல். நாத்தனாரின் ஐந்து மாதக் குழந்தைக்குச் சளி; இதையே அதற்கும் இரண்டு சொட்டு விடலாம் என்கிறார் என் மாமியார். கேரளாவுக்குப் போய் ஏழு நாள் நசியம் (மூக்கில் மருந்து விடும் சிகிச்சை) செய்துகொண்டால் எனக்கு முழுதாகக் குணமாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் குழந்தை. சொட்டு விடவே வேண்டாம் சகோதரி. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். ஆனால் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் தண்ணீர் போலப் புரையேறிக் காட்டிக்கொடுக்காது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், எளிதில் வெளியேறவும் செய்யாது. இப்படி வரும் நிமோனியாவோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது தென்னிந்தியாவில் புதிதல்ல.

ஏழு வயதுக்குக் கீழேயும் எண்பதுக்கு மேலேயும் நசியம் கூடாது என்று வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயமே சொல்கிறது. ‘பிரதிமர்சம்’ என்னும் இரண்டு சொட்டு முறைக்கு மட்டும் பிறந்தது முதல் வயது வரம்பில்லை என்று அதே நூலில் இருக்கிறது. யாராவது அதை எடுத்துக் காட்டலாம். கைக்குழந்தை விஷயத்தில் அந்த வரியை நான் ஏற்பதில்லை. மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வாங்கினாலோ பாலை மறுத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து உங்கள் இருமல். தைலத்தை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே நெஞ்சு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். ‘இரண்டு மாதமாக மூக்கில் எண்ணெய் விட்டேன்’ என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் சாதாரண நிமோனியா மாதிரியே தெரியலாம்; எண்ணெய் என்று நீங்கள் சொன்னால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார். பஞ்சுத் தூசியும் இருமலைக் கொண்டுவரும் என்பதால், செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்று வந்தால் சந்தோஷம்.

தைலத்தைக் குறை சொல்லவில்லை. நல்லெண்ணெயில் தேவதாரு, வெட்டிவேர், நன்னாரி, சந்தனம், அதிமதுரம் போன்றவற்றின் கஷாயத்தைச் சேர்த்துப் பத்து முறை காய்ச்சி, பத்தாவது முறை வெள்ளாட்டுப் பாலும் விட்டு இறக்குவது அணு தைலம். இவ்வளவு பாடுபட்டுச் செய்த மருந்தை நீங்கள் விட்ட விதம்தான் தவறு. அரை ஃபில்லர் என்றால் ஏறக்குறைய பத்துச் சொட்டு. வாக்படர் சொல்லும் பெரிய அளவே அதுதான்: பத்து, எட்டு, ஆறு என்று மூன்று படி வைத்திருக்கிறார். அதுவும் சில நாள் சிகிச்சைக்கு, வைத்தியர் பக்கத்தில் இருக்கும்போது. அந்த அளவைத் தினமும், அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்திருக்கிறீர்கள். சாப்பிட்டவுடன் நசியம் கூடாது. தலைக்குக் குளித்தவுடனோ, குளிக்கப் போகும் முன்போ கூடாது. புதுச்சளி பிடித்திருக்கும்போதும், இருமலோ இழுப்போ இருக்கும்போதும், கர்ப்ப காலத்திலும் கூடாது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் தெரியுமா? முகத்திலும் நெற்றியிலும் எண்ணெய் தேய்த்து, ஆவி காட்டி, தலையைச் சற்றே தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். கண்ணைத் துணியால் மூடிவிடுவார்கள். வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிய தைலத்தை, ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கில் விடுவார்கள். உடனே உள்ளங்காலையும் உள்ளங்கையையும் கழுத்தையும் தேய்ப்பார்கள். தொண்டைக்கு இறங்குவதை விழுங்கக் கூடாது. வலமும் இடமுமாகத் திரும்பித் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பு. நீங்கள் உறிஞ்சிவிட்டு அப்படியே தூங்கிப்போயிருக்கிறீர்கள்.

இருமல் முற்றிலும் நின்று, மருத்துவரும் சரி என்ற பிறகு, வீட்டில் செய்யக்கூடியது பிரதிமர்சம் மட்டுமே. காலையில் பல் விளக்கியபின், உட்கார்ந்தபடி, மூக்குக்கு இரண்டு சொட்டு. சுண்டுவிரலில் தொட்டு மூக்கின் உள்ளே பூசிக்கொண்டாலும் போதும். உங்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன். உள்ளிழுக்க வேண்டாம், வாய்க்கு வந்தால் துப்பிவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இப்படிச் செய்தால், மூக்கு ஈரப்பசையோடு இருப்பதால் தூசியும் புகையும் தொந்தரவு தராது என்கிறது சுசுருத சங்கிதை என்னும் இன்னொரு பழைய ஆயுர்வேத நூல். செக்கிங் டேபிளில் நாள் முழுக்கப் பஞ்சுத் தூசிக்கு நடுவே நிற்கும் உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது! ஆனாலும் மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். தூசி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எந்தத் தைலம் விட்டும் தும்மல் நிற்காது.

நம் சித்த மருத்துவத்திலும் நசியம் உண்டு. சித்தர் தேரையரின் ‘பிணியணுகா விதி’ (நோய் வராமல் காக்கும் விதிகள்) ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை என்கிறது. தினம் தினம் என்று அவரும் சொல்லவில்லை.

இனி கேரளா. முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வளைந்த தண்டை ஏழு நாள் எண்ணெய் நிமிர்த்தப்போவதில்லை. தூசி ஒவ்வாமைதான் என்றால், நசியத்தால் தலைபாரமும் அடைப்பும் சில காலம் தணியலாம். முழுதாகப் போய்விடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். அப்படி வாக்குத் தருகிற இடத்தில் பணம் கட்டவும் வேண்டாம். போவதாக இருந்தால், பட்டம் பெற்ற வைத்தியர் நாடி, நாக்கு, மூக்கு எல்லாம் பார்த்த பிறகு மருந்தை முடிவுசெய்கிறாரா, விடும்போது கூடவே இருக்கிறாரா என்று போனிலேயே கேளுங்கள். ஆடி மாத மழையில் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: மழைக்காலத்தில் வெயில் அடிக்கும் வேளையில்தான் நசியம் செய்ய வேண்டும் என்பது விதி. வானம் மூடிக்கிடக்கும் நாளில் அதைத் தள்ளிவைப்பார்களா, அல்லது ஏழு நாள் பேக்கேஜ் என்று எப்படியும் செய்து முடித்து அனுப்பிவிடுவார்களா?